நூற்றைந்து குதிரைகளும் ஒரு குவார்ட்டர்ஸும்

தில்லி லக்ஷ்மிபாய் நகரில் தமிழர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி வாசலில் நிற்பார்கள். இல்லாவிட்டால் ஐஎன்ஏ மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. டர்போ சார் என்று வைத்துக்கொள்வோம். பதவி அண்டர் செக்ரட்டரி. தெருவில் கார் போகும் சத்தம் கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல், "டீசல். ஆயிரத்து ஐந்நூறு சிசி. இன்ஜெக்டர் சரியில்லை" என்பார். உள்ளே உட்கார்ந்திருப்பது தன் ஜாயின்ட் செக்ரட்டரி என்பது அப்புறம்தான் தெரியும்.

காலனிக்குப் பெயர் தந்த ஜான்சி ராணி ஒரு சமயத்தில் ஒரு குதிரையோடு சமாளித்தார். சாருக்கு நூறாவது வேண்டும்.

இந்தத் தேடல் 2001-ல் ஃபியட் பாலியோவோடு ஆரம்பித்தது. 1.6 லிட்டர் ஜிடிஎக்ஸ், 100 குதிரைத்திறன். சச்சின் பெயரைச் சொல்லி எஸ்10 என்று 500 வண்டிகள் தனியாக வந்தன. சார் அன்றைக்கு வெறும் அசிஸ்டென்ட். வீட்டுக்கார அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "மைலேஜ் எவ்ளோங்க?" அந்தக் கேள்விக்கு பாலியோவிடம் நல்ல பதில் இருந்ததே இல்லை. 106 குதிரைத்திறன் ஹோண்டா சிட்டி விடெக் கைக்கு எட்டவில்லை. 2004-ல் 150 குதிரைத்திறனோடு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வந்தபோது சார் கனாட் பிளேஸில் ஒன்றைப் பார்த்துவிட்டு பஸ்ஸைத் தவறவிட்டார்.

அடுத்து நடந்ததுதான் சுவாரசியம். இந்தியாவில் ஓடும் பல இன்ஜின்களின் அளவை நிர்ணயித்தவர் இன்ஜினியர் அல்ல, நிதியமைச்சர். 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சின்னக் காருக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள். அப்படி இருந்தால் உற்பத்தி வரி 24 சதவீதம் அல்ல, 16. அவ்வளவுதான், நாட்டிலுள்ள கார் கம்பெனிகள் எல்லாம் டிக்கியை வெட்டின, சிலிண்டரைச் சுருக்கின. சின்ன இன்ஜினில் பெரிய பலம் வேண்டுமென்றால் நல்ல வழி டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழலும். அது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். காற்று கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம்.

டர்போவில் ஒரு தாமதம் உண்டு. அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு சார் தன் பாஷையிலேயே விளக்குவார்: "ஆக்சிலரேட்டரை மிதிக்கிறது ஃபைல் போடுற மாதிரி சார். மேலே போகும், கையெழுத்தாகும், அது வரைக்கும் ஒண்ணும் நடக்காது. சாங்ஷன் வந்ததும் மொத்தமா வந்து விழும்."

2013-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐதான் அவருடைய நிறைவேறாத காதல். 105 குதிரைத்திறன், 1,197 சிசி. சிதம்பரம் போட்ட கோட்டுக்கு மூன்று சிசி உள்ளே! ஏழு கியர், இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு இன்னொன்று. சார் எத்தனை டெஸ்ட் டிரைவ் போனார் என்பது ஷோரூம் பையன்களுக்கு மட்டுமே தெரியும். "தினம் மெட்ரோவுல போற மனுஷனுக்கு எதுக்குங்க ஏழு கியர்?" என்று வீட்டில் கேட்டார்கள். யோசித்துக்கொண்டே இருந்தார். 2016 ஜனவரியில் தில்லி அரசு அதே ஒற்றை-இரட்டைத் தத்துவத்தை நம்பர் பிளேட்டுக்குக் கொண்டுவந்தது. சிஎன்ஜி வண்டிக்கு விலக்கு உண்டு. சாரிடம் இருந்தது 2010 தீபாவளிக்கு வாங்கிய வேகன்ஆர் சிஎன்ஜி. காலனியில் பாதிப் பேர் பஸ் ஸ்டாப்பில் நிற்க, சார் எல்லா நாளும் காரை எடுத்தார். பெருமைப்படவில்லை. கூசிப்போனார்.

டீசல் பக்கம் சாயவும் ஒரு காலத்தில் நினைத்தார். டார்க் என்றால் டீசல்தானே! ஆனால் 2015 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டி தில்லியில் ஓடக் கூடாது என்றது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 2,000 சிசி, அதற்கு மேற்பட்ட டீசல் கார்களைப் புதிதாகப் பதிவு செய்யத் தடை விதித்தது. மறு மாதமே மஹிந்திரா 1.99 லிட்டர் இன்ஜினைக் கொண்டுவந்து நிறுத்தியது. அரசாங்கக் குறிப்பில் ஓட்டை கண்டுபிடித்தே தலை நரைத்த சார், இதைக் கேட்டு எழுந்து நின்று கைதட்டினார். 2016 ஆகஸ்டில் ஒரு சதவீதப் பசுமைக் கட்டணத்தோடு தடை விலகியது. பத்து வயதுக் கெடு அப்போது விலகவில்லை.

சாரைக் கேலி செய்வது எளிது. ஆனால் அவர் தயங்கிய ஒவ்வொரு முறையும் நியாயம் அவர் பக்கம்தான் இருந்திருக்கிறது. 2014-ல் துணிந்து டீசல் வாங்கியவர் பத்தாவது வருஷம் தடையில்லாச் சான்றிதழ் வாங்கி, வந்த விலைக்கு வெளிமாநிலத்தில் தள்ளிவிட நேர்ந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்ததும் மாருதி டீசலையே கைவிட்டது. போலோவின் நான்கு சிலிண்டர் மூன்றாகச் சுருங்கியது. 2022-ல் போலோவே இந்தியாவில் நின்றுபோனது. வாங்காத காருக்கு சார் துக்கம் அனுசரித்தார்.

வாங்குவதிலும் ஒரு சிக்கல். கார் அட்வான்ஸ் ஏழாவது சம்பளக் கமிஷனோடு போயிற்று. நடத்தை விதிகள் 18(3)-ன்படி இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் எதை வாங்கினாலும் அலுவலகத்துக்கு ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 'டர்போ' என்று எழுதினால் விஜிலன்ஸ் என்ன நினைக்கும் என்ற கவலை அவருக்கு நிஜமாகவே உண்டு. 2025-ல் 265 குதிரைத்திறன் கோல்ஃப் ஜிடிஐ 53 லட்சத்துக்கு வந்தது. கேபினட் செக்ரட்டரியின் அடிப்படைச் சம்பளமே மாதம் இரண்டரை லட்சம். அவரே இருபத்தோரு மாதத்துக்கு மேல் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இத்தனைக்கும் குடியிருப்புத் தெருக்களில் வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர்.

கடைசி அடி பெங்களூரிலிருந்து வந்த மகன் கொடுத்தது. "வாங்கப்பா" என்று குருகிராமில் ஒரு மஹிந்திரா பிஇ 6-ல் ஏற்றினான். செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவாகி, 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மின்சாரக் கார். நின்ற நிலையிலிருந்து நூறைத் தொட 6.7 விநாடி என்பது கம்பெனிக் கணக்கு. அவர் உயிராக நினைத்த போலோவுக்கு 9.7. ஃபைல் போட்ட மறுகணமே சாங்ஷன்! கியர் இல்லை, கிளட்ச் இல்லை, புகை இல்லை. உள்ளே கேட்கும் ஒலிகளை அமைத்தவர் ஏ.ஆர். ரஹ்மான்.

சார் இறங்கி வந்து வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ரஹ்மான் நல்லாத்தான் போட்டிருக்கார். ஆனா விடெக் ஆறாயிரம் ஆர்பிஎம்ல பாடுறது வேற" என்றார். அப்புறம் நடைமுறைக்கு வந்தார். இரண்டாம் மாடி குவார்ட்டர்ஸிலிருந்து கீழே நிற்கும் காருக்கு ஒயர் இழுக்க முடியுமா, பராமரிப்பு அலுவலகம் அனுமதி தருமா, ரிட்டயர் ஆன பிறகு தாம்பரம் ஃப்ளாட்டில் சார்ஜர் வைக்க அசோசியேஷன் விடுமா, அடுத்த தலைமுறை பேட்டரி எப்போது வரும். காத்திருக்கப் புதிதாக நான்கு காரணங்கள் கிடைத்ததில் முகம் தெளிந்துவிட்டது.

வேகன்ஆருக்கு 2025-ல் பதினைந்து வயது முடிந்தது; டீசல் அல்லாத வண்டிக்குக் கெடு அதுதான். வயதை மட்டும் காரணம் காட்டிப் பழைய வண்டிகள் மீது நடவடிக்கை வேண்டாம் என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டிசம்பரில் அந்தச் சலுகையை பிஎஸ்-4, அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. சாரின் வண்டி பிஎஸ்-4. தப்பித்தது.

கார் வாங்கும் யோசனை உங்களுக்கு இருந்தால் தாராளமாக லக்ஷ்மிபாய் நகர் போய் அவரைக் கேளுங்கள். தப்பாகச் சொல்ல மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.