கெமிஸ்ட்ரி பெரியப்பா

ஊருக்கு ஒருவர் என்று இவரைச் சொல்லி முடித்துவிட முடியாது. எங்கள் வல்லம் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். பகலில் மல்லாட்டை மூட்டை என்ன விலை போகிறது, திண்டிவனம் பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று மற்றவர்களைப் போலத்தான் நடமாடுவார். சனி, ஞாயிறு ராத்திரி டிவியில் ஜோடி நடனம் தொடங்கியதும், கயிற்றுக் கட்டிலில் ஏறி லுங்கியை இறுக்கிக்கொண்டு நடுவராகிவிடுவார். உறவில் சித்தப்பாவோ மாமாவோ, இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பொதுப்பெயர் கெமிஸ்ட்ரி பெரியப்பா.

இவர் எப்போது தோன்றினார் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. 2006-இல் விஜய் டிவியில் ‘ஜோடி நம்பர் ஒன்’ வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. மறு ஆண்டு கலைஞர் தொலைக்காட்சி வந்தது. அதில் ‘மானாட மயிலாட’. பெட்டி ஒரு பக்கம், பெட்டிக்குள் ஆட்டம் ஒரு பக்கம் என்று இரண்டும் வீடு தேடி வந்தால் மனிதன் என்ன செய்வான்? கலா மாஸ்டர் ‘கிழி கிழி’ என்று உற்சாகப்படுத்தினார், நமீதா ‘மச்சான்ஸ்’ என்று கூப்பிட்டார், நடுவர்கள் ஆளுக்கு ஆள் கெமிஸ்ட்ரியை மெச்சினார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்துக்குப் பயந்து மாந்தோப்பில் ஒளிந்த பெரியப்பா, நாற்பது வயதுக்கு மேல் அதில் வாத்தியார் ஆனார்.

அவர் மார்க் போடும் முறை கறாரானது. பல்லவியில் பையன் பொண்ணின் கண்ணைப் பார்த்தானா? பார்க்காவிட்டால் ஒரு மார்க் போச்சு. பாட்டு முடிந்த கையோடு அவள் கையை விட்டுவிட்டானா? இரண்டு மார்க். மூச்சிரைக்க நடுவர்கள் முன் நிற்கும்போது அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டால் அந்த இரண்டும் திரும்பக் கிடைக்கும். பொண்ணின் அம்மா மேடையேறி அழுதுவிட்டால் ஆட்டத்தையே பார்க்க வேண்டியதில்லை, பத்துக்குப் பத்து.

“தூக்கிச் சுத்துறப்ப பிடி வழுக்குச்சே பெரியப்பா?”

“பதட்டம்டா. ஆச இருக்கற எடத்துல பதட்டம் இருக்கும். உனுக்கு இன்னா தெரியும்?”

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. கேமரா காலைக் காட்டினால்தானே அவர் காலைப் பார்ப்பார்? கால் சிக்கலான வேலை செய்யும் நொடியில் படம் முகத்துக்குத் தாவிவிடுகிறது. அங்கிருந்து நடுவரின் வாய் பிளப்புக்கு, அங்கிருந்து கண் துடைக்கும் அத்தைக்கு. கூடவே ஒரு வயலின். பெரியப்பா உருகுகிற உருக்கத்தில் பாதி, எடிட்டிங் அறையில் யாரோ ராத்திரி கண் விழித்துச் செய்தது.

எதிர்க்கட்சி அதே வீட்டில், தரையில், முறத்தோடு உட்கார்ந்திருக்கிறது. விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டே பெரியம்மா ஓரக்கண்ணால் பார்ப்பார். “எடது காலு பிந்துது” என்பார். அவ்வளவுதான் விமர்சனம். அவர் படித்த பள்ளிக்கூடம் கூத்து. செஞ்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து எப்பேர்ப்பட்டது என்றால், ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் அதற்காகவே இங்கே வந்து ஆராய்ந்து, 1988-இல் தலைப்பிலேயே செஞ்சியைச் சேர்த்துத் தடித்த புத்தகம் போட்டார். பெரியம்மா போட்ட புத்தகம் ஏதுமில்லை. ஆனால் விடிய விடியப் பார்த்திருக்கிறார்.

பெரியப்பா ஒரு நாள் வரம்பு மீறினார். “மனசுல ஒண்ணுமில்லாம ஆடுனா ஜனத்துக்கு அழுவ வருமா?” என்று கேட்டுவிட்டார். பெரியம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

“துகில் உரியற அன்னிக்குத் திரௌபதி வேஷம் கட்டனவனுக்கும் துச்சாதனனுக்கும் கூலித் தகராறு. மூணு நாளாப் பேச்சு இல்ல. திரைக்குப் பின்னால ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கல. அரிதாரம் கலையாம பீடி குடிச்சிக்கினு இருந்தவன் அப்படியே வெளிய வந்து, முந்தானையப் புடிச்சிக்கினு மூணு சுத்து சுத்தி, கோவிந்தான்னான். முன்னால குந்தியிருந்த ரெண்டு பேருக்கு அருள் வந்துடுச்சு. அதுல இன்னா கெமிஸ்ட்ரி இருந்துச்சு?”

பெரியப்பா விளம்பர இடைவேளைக்குக் காத்திருப்பவர் போல் முகத்தை வைத்துக்கொண்டார்.

நான் பெரியம்மா கட்சிதான். சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டில் சோழன் முன் ஆடித் தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் வாங்கினாள். அரங்கின் நீள அகலம், ஆடலாசிரியன், குழலோன், யாழோன் என்று இளங்கோ அங்குலம் அங்குலமாகச் சொல்வதெல்லாம் வித்தைக் கணக்கு. கெமிஸ்ட்ரி கோவலனோடு வந்தது. அப்புறம் நடந்தது ஊரறியும்.

இருந்தாலும் பெரியப்பாவுக்கு உலகளவில் ஆதரவு இருப்பதை மறைக்கக் கூடாது. பிரிட்டனில் பிபிசி 2004-இல் தொடங்கிய ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’ நிகழ்ச்சியில் நடுவர் மார்க்கும் மக்கள் ஓட்டும் சேர்ந்துதான் முடிவு. 2008-இல் ஜான் சார்ஜன்ட் என்ற மூத்த அரசியல் நிருபர் அதில் கலந்துகொண்டார். ஆட்டம் சுமார் ரகம்கூட இல்லை. நடுவர்கள் மார்க்கைக் குறைக்கக் குறைக்க, ஜனங்கள் ஓட்டைக் குத்தித் தள்ளினார்கள். எங்கே ஜெயித்துவிடுவோமோ என்ற பயத்தில் அந்த நவம்பரில் அவரே விலகிக்கொண்டார். இதைச் சொன்னதும் பெரியப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஓட்டுன்னு வந்துட்டா அப்படித்தாண்டா. நம்ம ஊர்ல விழுவலையா?”

ஒன்று மட்டும் எனக்குப் புரிந்ததில்லை. திரையில் முன்பின் தெரியாத ஒருவன் ஒருத்தியின் முடியை ஒதுக்கினால் கண் கலங்குகிற இவர், “சோறு போடட்டுமா?” என்று பக்கத்திலிருந்து குரல் வந்தால் “உஷ்” என்கிறார்.

போன தை மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். இப்போதெல்லாம் பொண்ணும் மாப்பிள்ளையும் ஆடாமல் பந்தி கிடையாது. அவர்கள் ஆடி முடித்ததும் பெரியவர்களை இழுத்து விடுவது அடுத்த சடங்கு. பெரியப்பாவையும் பெரியம்மாவையும் பையன்கள் மேடையில் தள்ளிவிட்டார்கள். பெரியம்மா வெட்கப்பட்டார், சேலையை ஒரு விரற்கடை தூக்கினார், பம்பைத் தாளம் வந்த இடத்தில் சரியாக நாலு அடி வைத்தார். நாலும் சுத்தம். பெரியப்பா கல்லாய் நின்றார், முகத்தில் மட்டும் முழுக் காதலோடு.

கீழே இறங்கியதும், “எத்தினி மார்க்கு பெரியப்பா?” என்று ஒருவன் கிளறினான்.

“உங்க பெரியம்மாவுக்கு ஏழு. ஸ்டெப்பு கரெக்ட்டு. என் கண்ணப் பாக்கல.”

“எங்க பாக்கறது?” என்றார் பெரியம்மா. “அவரு கேமராவல்ல பாத்துக்கினு நின்னாரு.”