வியர்வைக்கு வரி

மழைக்காலம் வந்தால் மெரினா நடைக்காரர்களுக்குக் கூரை தேவைப்படுகிறது. சென்னையில் கூரைக்குக் கீழே வியர்ப்பதற்குக் காசு வேண்டும். ஜிம்மில் முதலில் கட்டணத்தைச் சொல்ல மாட்டார்கள். "சார், உங்க கோல் என்ன?" என்பார்கள். மாதக் கட்டணத்தைக் கேட்டால் அவர்கள் முகம் வாடிவிடும். வருடத்துக்குக் கட்டினால் பாதி விலை. சலுகை இன்று இரவோடு முடிகிறது. (அந்த இரவு எல்லா மாதமும் வரும்.)

இந்தத் தொழிலின் சூட்சுமமே பணம் கட்டிவிட்டு வராதவர்கள்தான். ஜனவரி 1-ல் சேர்ந்த அத்தனை பேரும் பொங்கலுக்குப் பிறகும் வந்தால், டம்பெல்லைத் தொட டோக்கன் கொடுக்க வேண்டியிருக்கும். சோம்பேறிகளின் சந்தாவில்தான் சுறுசுறுப்பானவர்களுக்கு ஏசி ஓடுகிறது.

யோகா வகுப்பு இன்னும் விசேஷம். சவாசனம் என்று மல்லாந்து படுக்கக் கட்டணம் உண்டு. அதையே வீட்டில் இலவசமாகச் செய்தால் திட்டுதான் கிடைக்கும்.

அரசும் மனமிரங்கியது. ஜிம்முக்கும் யோகா மையத்துக்கும் 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமானது. முடிதிருத்தும் கடையும் அழகு நிலையமும் அதே பட்டியலில்தான். தொப்பையைக் குறைப்பதும் முடியைக் குறைப்பதும் அரசுக்கு ஒன்றே!

அந்த 5 சதவீதமும் கனக்கிறதா? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு எட்டு மாடி. ஏசி உண்டு, நுழைவுக் கட்டணம் இல்லை. லிஃப்ட் பக்கம் மட்டும் திரும்பாதீர்கள்.