தள்ளுவார் யாருமில்லை

கேள்வி: நுரையீரலுக்குள் வரும் ஆக்சிஜனை இரத்தத்துக்குள் தள்ளிவிடுவது யார்?
– வாசகர், மறைமலைநகர்

பதில்: தள்ளிவிட ஆளே தேவையில்லை என்பதுதான் இதன் அழகு. நுண்ணறைகள் எனப்படும் கோடிக்கணக்கான காற்றுப் பைகளில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், அதாவது காற்றின் மொத்த அழுத்தத்தில் அந்த வாயுவின் பங்கு, ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் பாதரசமாகவும், உடலைச் சுற்றித் திரும்பும் இரத்தத்தில் 40 ஆகவும் இருப்பதால், மேட்டு நீர் பள்ளம் தேடுவதுபோல் அது தானாகவே இரத்தத்தில் இறங்கிவிடுகிறது. இதற்கு விரவல் என்று பெயர். இடைச்சுவரின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. சிவப்பணு அதை உரசிச் செல்லும் முக்கால் விநாடியில், கால் விநாடிக்குள்ளேயே அதிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு நிரம்பிவிடுகிறது. நுரையீரலே ஆக்சிஜனைச் சுரந்து தள்ளுகிறது என்று ஹால்டேன் போன்ற பேரறிஞரே நம்பியிருக்க, ஆகஸ்ட் குரோக், மரி குரோக் தம்பதியர் 1910இல் வெளியிட்ட ஆய்வுகளில் விரவல் ஒன்றே போதும் என்று அளந்து காட்டினர்.

இந்த நுண்ணறைகளைத்தான் காசநோய் அரித்து வடுவாக்குகிறது; பரப்பு சுருங்கச் சுருங்க மூச்சு இரைக்கிறது. மறைமலைநகரைத் தொட்டுச் செல்லும் அதே ஜி.எஸ்.டி. சாலையில், 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக இயங்குகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.