பிழைதிருத்தம் அடுத்த இதழில்

பழைய பத்திரிகை சேர்ப்பவர்களில் இரண்டு ரகம். முதல் ரகத்துக்கு ஊரில் மரியாதை உண்டு. 1950-ல் தொடங்கி கல்கியில் வாராவாரம் வந்த பொன்னியின் செல்வனைப் பிரித்தெடுத்து, தைத்து, காலிகோ ஒட்டி, மணியம் படங்களோடு வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் போதும். வந்த விருந்தாளி பஜ்ஜித் தட்டை ஓரம் தள்ளிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் அதைத் தொடுவார். காமிக்ஸ் வைத்திருப்பவர்கள் காட்டிலும் இப்போது மழை. 1972-ல் வந்த முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி இருக்கிறதா என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வீடு தேடி வந்து நிற்கிறார்கள்.

நான் இரண்டாவது ரகம். என்னிடம் இருப்பவை எலெக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்குப் பத்திரிகைகள். அதில் ஒரு கட்டை இறக்கி வைத்தால் விருந்தாளி அட்டையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பிறகு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, "மழை வர்ற மாதிரி இருக்கு, கிளம்பறேன்" என்பார். மே மாதத்தில்.

டெல்லியிலிருந்து 1969 முதல் வருகிற எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ. எண்பதுகளில் இந்தியப் பதிப்பாக வந்த எலெக்டார். சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போவதற்கு முன்னால் அங்கே பேரம் பேசி வாங்கிய பிராக்டிகல் வயர்லெஸ். வங்கியில் பகலெல்லாம் அடுத்தவர் கணக்கைக் கூட்டிவிட்டு, ராத்திரி சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்த காலத்தில் சேர்ந்தவை. இப்போது கண்ணுக்கு ரெசிஸ்டரின் வண்ணக்கோடு தெரிவதில்லை. பத்திரிகைகள் மட்டும் இருக்கின்றன. பரணில், கட்டிலுக்கு அடியில், பீரோவின் தலையில், பூஜை அறையில் சாமிக்குத் தெரியாத ஒரு மூலையில்.

மயிலாடுதுறையில் காகிதத்தைக் காப்பாற்றுவது சுலபமில்லை. ஐப்பசி பிறந்தால் சுவரே வியர்க்கும். ராமபாணப் பூச்சிக்கு வழவழப்பான தாள்தான் பிடிக்கும். ஜெர்மன் கம்பெனியின் முழுப்பக்க விளம்பரத்தை விட்டுவிட்டு, சரியாக சர்க்யூட் படத்தில் வாய் வைக்கும். வசம்பு வைத்துப் பார்த்தேன், காய்ந்த வேப்பிலை வைத்துப் பார்த்தேன், பாச்சை உருண்டை போட்டேன். பூச்சி போகவில்லை. பேத்திதான் அந்த அறைக்குள் வர மாட்டேன் என்றாள்.

சரி, பைண்டு செய்துவிடலாம் என்று ஒரு வருட இதழ்களை பைண்டரிடம் கொண்டுபோனேன். தொழில் தெரிந்தவர். பூச்சி வராமலிருக்க மைதா பசையில் மயில்துத்தம் கலந்து கிண்டுகிறவர். தொடர்கதை பைண்டு செய்தே பழகியவராதலால், "விளம்பரத்தையெல்லாம் உருவிடட்டுமா சார்?" என்று கேட்டார். பதறித் தடுத்தேன். அந்தப் பத்திரிகைகளில் விளம்பரம்தான் உயிர். மும்பை லேமிங்டன் ரோடு கடைக்காரர்கள் பொடி எழுத்தில் போட்ட விலைப்பட்டியலைப் பார்த்தால், எந்த வருஷம் எந்த டிரான்சிஸ்டர் என்ன விலைக்கு விற்றது என்று அங்கேயே தெரிந்துவிடும். விளம்பரம் தப்பியது. ஆனால் தைத்து முடித்துக் கட்டிங் மிஷினில் மூன்று பக்கமும் ஓரம் வெட்டினார் பாருங்கள், ஓரம் வரை அச்சாகியிருந்த படங்களின் எண்களும் அதோடு போயின. ஒரு ஆம்ப்ளிஃபயர் படத்தில் ஏழாவது ரெசிஸ்டருக்கு 4.7 என்பது வரை இருக்கிறது. அதற்குப் பிறகு கிலோ ஓமா, மெகா ஓமா என்பது அந்தக் கத்திக்குத்தான் வெளிச்சம்.

என் மைத்துனர் சிவில் இன்ஜினியர். அவர் வந்தால் பத்திரிகையைப் பார்க்க மாட்டார், தளத்தைத்தான் பார்ப்பார். "வீட்டுக்கு சதுர மீட்டருக்கு 200 கிலோன்னுதான் கணக்கு போடுவோம் அத்தான். லைப்ரரி அடுக்கு வைக்கிற ரூம்னா அதுல மூணு பங்கு போடணும்." இதைச் சொல்லிவிட்டுப் பரணுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த என் மனைவியை நகர்ந்து உட்காரச் சொன்னார். இந்தக் கவலை ஒன்றும் புதிதில்லை. 1974-ல் அமெரிக்காவில் ஒரு நையாண்டி அறிவியல் இதழில் ஒருவர் கட்டுரையே எழுதியிருக்கிறார். நேஷனல் ஜியாகரபிக்கை யாரும் எறிவதில்லை, வீட்டுக்கு வீடு சேர்ந்துகொண்டே போகிறது, ஆகவே எடை தாங்காமல் கண்டம் ஒருநாள் அமிழ்ந்துவிடும் என்று. மைத்துனரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கண்டத்தின் அடியில் என்ன ராஃப்டர் என்பது போல யோசித்தார்.

எறியக் கூடாது என்பதற்கு என்னிடம் ஒரு பெரிய ஆயுதம் இருந்தது. கம்ப்யூட்டர் சில்லின் திறன் எப்படிப் பெருகிக்கொண்டே போகும் என்று கார்டன் மூர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, எலெக்ட்ரானிக்ஸ் என்ற பத்திரிகையில் 1965 ஏப்ரல் 19 இதழில் வந்தது. மூர் விதி என்று உலகமே சொல்வது அதைத்தான். நாற்பது வருஷம் கழித்து இன்டெல் கம்பெனிக்கு அந்த இதழ் வேண்டியிருந்தது. கம்பெனியைத் தொடங்கியவரில் ஒருவரான மூரிடமே இல்லை. யாருக்கோ இரவல் கொடுத்து, போனது போனதுதான். நல்ல பிரதிக்கு 10,000 டாலர் தருவதாக 2005-ல் அறிவித்தார்கள். உடனே இல்லினாய் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த ஒரு பிரதி காணாமல் போனது. கடைசியில் இங்கிலாந்தில் ஒரு பொறியாளர், வீட்டுத் தரைப்பலகைக்கு அடியில் அடுக்கி வைத்திருந்த கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார்.

இதைக் குரல் தழுதழுக்கச் சொல்லி முடித்தேன். என் மனைவி வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அந்தப் புக்கு நம்மகிட்ட இருக்கா?"

"இல்ல."

"வேற ஏதாவதுக்கு யாராவது பணம் தரேன்னு சொல்லியிருக்காங்களா?"

"இதுவரைக்கும் இல்ல."

"அப்போ பரண்ல இருக்கறதுல பாதியாவது இறக்குங்க."

ஆயுதம் மழுங்கியது. ஆனால் என் கையில் பிரம்மாஸ்திரம் ஒன்று இருந்தது. பிழைதிருத்தம்.

கதைப் பத்திரிகையில் ஒரு எழுத்து மாறினால் கதாநாயகி கொஞ்சம் தடுமாறுவாள், அவ்வளவுதான். சர்க்யூட் படத்தில் ஒரு கோடு மாறினால் புகை வரும். வாசகர்கள் கடிதம் போடுவார்கள். எனவே எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகள் எல்லாவற்றிலும், எந்த நாடானாலும், உள்ளே எங்காவது ஒரு மூலையில் திருத்தப் பெட்டி இருக்கும். பெயர் வேண்டாம், ஒரு பத்திரிகையில் மார்ச் மாதம் எமர்ஜென்சி விளக்கு ஒன்று வந்தது. மே இதழில், தபால்வழி டிப்ளமோ விளம்பரத்துக்குக் கீழே பொடியாக ஒரு அறிவிப்பு: மார்ச் படத்தில் இரண்டாவது டயோடு திருப்பிப் போடப்பட்டுள்ளது. ஜூலையில் இன்னொன்று: மே இதழ்த் திருத்தத்தில் இரண்டாவது டயோடு என்பதை மூன்றாவது டயோடு எனத் திருத்தி வாசிக்கவும். செப்டம்பரில் ஒரு வாசகர் கடிதம்: மார்ச் மாதம் போட்டபடியே செய்தேன், பிரமாதமாக எரிகிறது.

ஆக, நான்கு இதழ்களும் ஒன்றுக்கொன்று ஜாமீன். மேயை எறிந்தால் மார்ச் பொய்யாகிவிடும். ஜூலையை எறிந்தால் மே பொய்யாகிவிடும். செப்டம்பரை எறிந்தால் உண்மையே தெரியாமல் போய்விடும். ஒவ்வொரு இதழிலும் இப்படி முன்னும் பின்னும் கைகோத்த சமாசாரம் ஏழெட்டு இருப்பதால், எதையும் எறிய முடியாது என்பது கணக்குப்படி நிரூபணம். விளக்கினேன். மனைவி கவனமாகக் கேட்டாள்.

"அப்போ மார்ச்சை எறிஞ்சுட்டா, மத்த மூணுக்கும் வேலையே இல்லையே?"

வங்கியில் எத்தனையோ ஆடிட்டர்களைச் சமாளித்திருக்கிறேன். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

அவளுக்குப் பதில் சொல்வதற்காகத்தான் இன்டெக்ஸ் தயாரிக்க உட்கார்ந்தேன். எது எதோடு ஒட்டியிருக்கிறது, எது அநாதை என்று தெரிந்தால் அநாதையை மட்டும் எறியலாம். இந்த வேலைக்கு எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் துணை இருக்கிறார். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். புத்தகங்களுக்கு மத்தியில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், பழைய வேலைக்கே போகிறேன் என்று முதலில் அடம்பிடித்தவர், லண்டனுக்குப் போய் நூலகக் கல்வி பயின்று திரும்பியதும் உலகத்துக்கே நூல்களை அடுக்கச் சொல்லிக் கொடுத்தார். லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் பிள்ளைகள் விளையாடும் மெக்கானோ பெட்டியைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது. சின்னச் சின்னத் தகடுகளைத் திருகாணி போட்டுச் சேர்த்து எதையும் செய்துவிடலாம் என்றால், ஒரு நூலின் விஷயத்தையும் துண்டு துண்டாக்கி நடுவில் முக்காற்புள்ளி போட்டுச் சேர்த்துவிடலாமே. 1933-ல் வந்த அவருடைய கோலன் பகுப்புமுறை அதுதான்.

நானும் நீள லெட்ஜர் ஒன்றை எடுத்து, கருவி, வேலை, பாகம், மாதம் என்று நடுவில் முக்காற்புள்ளி போட்டு எழுத ஆரம்பித்தேன். மறுபடி படிக்காமல் இன்டெக்ஸ் போட முடியாது. படித்தால் இன்டெக்ஸ் நகராது. இதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

லெட்ஜரில் 'தண்ணீர்த் தொட்டி' என்ற தலைப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். நிரம்பிவிட்டது. அடுத்த பக்கமும் நிரம்பியது. நம் நாட்டுப் பத்திரிகைகளைப் பிரித்தால் மேல்தொட்டி நிரம்பினால் கத்தும் அலாரம் இல்லாத வருஷமே இல்லை. முதலில் ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு கம்பி. தண்ணீர் தொட்டதும் மின்சாரம் பாய்ந்து பீப் என்னும். அடுத்து வந்தவர், நேர்மின்சாரம் ஓடி ஓடிக் கம்பி அரித்துப்போகிறது என்று கண்டுபிடித்து மாறுமின்சாரத்தில் போட்டார். அப்புறம் 555 ஐ.சி. வைத்து ஒருவர். யு.எம். 66 என்ற மூன்று கால் சில்லை வைத்து, தொட்டி நிரம்பினால் பாட்டுப் பாட வைத்தார் ஒருவர். கால் தொட்டி, அரைத் தொட்டி, முக்கால் தொட்டிக்குத் தனித்தனி விளக்கு வைத்தார் இன்னொருவர். தொட்டிக்கு அடுத்தபடி வோல்டேஜ் ஏறி இறங்கினால் ஃபிரிட்ஜைக் காப்பாற்றுவது. அதற்கடுத்தது, வீட்டுக்கு வந்தவர்கள் நம் போனில் வெளியூர் பேசாமலிருக்க எஸ்.டி.டி. பூட்டு. பிரிட்டிஷ் பத்திரிகையை எடுத்தால் கண்ணாடிக் குடிலில் தக்காளிச் செடிக்குச் சூடு போதுமா என்ற விசாரம், பொம்மை ரயிலின் வேகம். அமெரிக்காவில் பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் 1975 ஜனவரி அட்டையில், வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் ஆல்டெயர் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டார்கள். நாம் அப்போது தண்ணீர் வழியாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். இதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. ஒரு தேசத்துக்கு ராத்திரி தூக்கம் ஏன் வரவில்லை என்பதைச் சரித்திரப் புத்தகத்தைவிட இந்தப் பொடி சர்க்யூட்டுகள் சரியாகச் சொல்கின்றன. சர்க்யூட்டைச் செய்வதற்காக அல்ல, இதற்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று இப்போது துணிந்து சொல்வேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

பெங்களூரிலிருந்து வந்த மாப்பிள்ளை, "எதுக்கு மாமா கஷ்டம்? வெளிநாட்டுப் பத்திரிகை பூரா பிடிஎஃப்பா கிடைக்குது" என்று ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். நல்ல பிள்ளை. திறந்து பார்த்தால், ஸ்கேன் செய்த புண்ணியவான் பைண்டிங்கை விரித்துப் பிடிக்கவில்லை. நடு மடிப்புக்குள் டிரான்சிஸ்டரின் ஒரு கால் போய்விட்டது. கோப்புகளுக்குப் பெயரும் கிடையாது, வெறும் நம்பர். அதற்கென்று தனியாக இரண்டாவது லெட்ஜர் போட்டிருக்கிறேன்.

போன வாரம் பழைய பேப்பர்க்காரர் வந்தார். நான் வரவழைக்கவில்லை. ஒரு சமாதானமாக, 2000 வாக்கில் இலவச சி.டி.யோடு வந்த கம்ப்யூட்டர் பத்திரிகைகளை எல்லாம் நானே சந்தோஷமாக இறக்கிக் கொடுத்தேன். விண்டோஸ் 98-ஐ வேகமாக்க ஐம்பது வழி என்ற கட்டுரையைவிட வயதான பொருள் உலகத்தில் இல்லை. சி.டி.களை மட்டும் மனைவி பிடுங்கிக்கொண்டாள். மாடியில் கட்டினால் புறா வராதாம். "வழவழா பேப்பர் சார், பொட்டலம் மடிக்க முடியாது, நியூஸ் பேப்பர் ரேட் வராது" என்று பேப்பர்க்காரர் தராசைத் தூக்கினார். ஓரத்தில் கிடந்த என் எலெக்ட்ரானிக்ஸ் கட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் புரட்டினார். ஒரு படத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன சார், தொட்டி மாதிரி போட்டிருக்கு?"

சொன்னேன்.

"நம்ம வீட்டுக்கு ஒண்ணு பண்ணித் தர முடியுமா சார்? மோட்டாரைப் போட்டுட்டு சீரியல் பார்க்க உக்காந்துடறாங்க."

இத்தனை வருஷத்தில் இப்படி ஒருவர் கேட்டதே இல்லை. உள்ளே போய் லெட்ஜரைக் கொண்டுவந்தேன். தண்ணீர்த் தொட்டி, இரண்டாம் பக்கம், மேலிருந்து நான்காவது வரி. "அடுத்த வாரம் வாங்க. இதுக்கு ஒரு திருத்தம் வந்திருக்கு, அந்த இதழ் கட்டிலுக்கு அடியில இருக்கு, எடுக்கணும்."

"கடையில எரநூறு ரூபாய்க்கு ரெடியாவே விக்குதே! தொட்டி நிரம்பிடுச்சு, மோட்டாரை நிறுத்துன்னு பேசவே பேசுது" என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து.

பேப்பர்க்காரர் என்னைப் பார்த்தார்.

"வாங்கிக்கலாம்," என்றேன். "ஆனா அதுல தப்பு இருந்தா, அடுத்த மாசம் யார் திருத்தம் போடுவாங்க?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தராசில் இருந்ததற்கு அறுபது ரூபாய் எண்ணிக் கொடுத்தார். கையில் இருந்த இதழை இரவலாகக் கேட்டார். கொடுக்கவில்லை.