நவாபுக்குச் சிக்கெடுத்தல்

எனக்குச் சீப்பு தேவைப்படாமல் போய் எட்டு வருஷம் ஆகிறது. ஆனால் வீட்டில் இப்போது நான்கு சீப்பு. அகலப் பல் ஒன்று, நெருக்கப் பல் ஒன்று, கம்பி பிரஷ் ஒன்று, அம்மாவின் பழைய பேன் சீப்பு ஒன்று. நான்கும் நவாபுக்கு. மகள் அடம்பிடித்து வாங்கிய பெர்ஷியன் பூனை.

1620 வாக்கில் பியட்ரோ டெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி கொராசானிலிருந்து நீளமுடிப் பூனைகளை ஊருக்குக் கொண்டுபோனாராம். மகள்தான் படித்துச் சொன்னாள். மரபணுவைச் சோதித்தால் இன்றைய பெர்ஷியன் மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்குத்தான் நெருங்கிய சொந்தமாம். டெல்லி அப்பளத்துக்கும் டெல்லிக்கும் உள்ள உறவு. எது எப்படியோ, கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு மே மாதம் மேற்கு மாம்பலத்தில் ஃபேனுக்கு நேர் கீழே கிடக்கிறது. அது நான் படுக்கும் இடம்.

தட்டை முகம் என்பதால் கண்ணீர் உள்ளே வடியாமல் கன்னத்தில் வழிந்து பழுப்பாகக் கறை பிடிக்கும். "பாவம், அதுக்கு அம்மா ஞாபகம்" என்பாள் என் அம்மா, வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தபடி.

தினமும் வாரவேண்டும் என்றார் கால்நடை டாக்டர்.

"தினமும்னா, தினமுமேவா?" என்றேன்.

அவர் என் தலையைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை.

முதுகு வாருவதில் தகராறு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஜமீன்தார் போல் காட்டும். சிக்கு விழுவதெல்லாம் காதுக்குப் பின்னால், அக்குளில், தொடை இடுக்கில். அங்கே சீப்பு போனால் பதினெட்டு நகமும் வெளியே வரும். முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நான்கு. சந்தேகம் இருப்பவர்கள் என் முழங்கையில் எண்ணிக்கொள்ளலாம்.

ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போய் ஒரு வாரம் வாராமல் விட்டேன். திரும்பி வந்தால் அக்குளில் எலுமிச்சை அளவுப் புளி போல ஓர் உருண்டை. கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது. பூனையின் தோல் மெல்லிசு, சிக்கோடு சேர்ந்து எழும்பி வரும், முடி எங்கே முடிந்து தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. சரி, குளிப்பாட்டினால் இளகும் என்று பக்கெட்டில் இறக்கினேன். ஈரம் பட்ட சிக்கு இறுகிக் கெட்டியாகிவிட்டது. புதுப்புளி பழம்புளி ஆயிற்று.

"சிக்கெடுக்காம யாராவது தலைக்கு ஊத்துவாங்களா?" என்றாள் அம்மா. ஒரு காலத்தில் முழங்கால் தொட்ட கூந்தல் அவளுக்கு. அந்த அதிகாரத்தில் கேட்கிறாள்.

கடைசியில் மிஷின் வைத்து மழிக்க வேண்டியதாயிற்று. தலை, பாதம், வால் நுனி தவிர எல்லாம் போயிற்று. அதற்கு லயன் கட் என்று பெயர். என்னுடைய கடைசி இருபது முடிவெட்டுக்கு ஆன காசு. கூடையைத் திறந்ததும் சிங்கத் தலையை மாட்டிக்கொண்ட பல்லி போல ஒன்று வெளியே வந்து, என்னை ஒருமுறை முறைத்துவிட்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது.

அம்மா குனிந்து பார்த்தாள். "எந்தக் கோயில் வேண்டுதல்?"

ஐப்பசி மழை வந்தபோது முடியும் வந்துவிட்டது. நேற்று ஆபீஸிலிருந்து திரும்பினேன். அம்மா மடியில் நவாப். பக்கத்தில் சோளமாவு டப்பா. சின்னச் சிக்கில் தூவினால் வழுக்கிக்கொண்டு வரும். இடது கையால் முடியின் அடியைப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து மேல்நோக்கி, அவசரமே இல்லாமல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆடாதே. ஒத்தைப் பின்னலா, ரெட்டையா?"