மூணு வெரல் நுழையுதா, நைனா?

வா நைனா, உக்காரு. டீ சொல்லட்டுமா? அட, மறந்தே போச்சு, நீதான் டீயை ஆத்தி ஆத்திப் பச்சத்தண்ணி ஆக்கிக் குடிக்கிற மவராசன் ஆச்சே. உங்கம்மா நேத்து சந்தையில பொலம்பிச்சு: "அண்ணே, மூணு மாசமா புள்ளைக்கு நாக்கு எரியுது, கொழம்பு வாயில வெக்க முடியல. எல்லாம் இந்த சிப்காட்டுப் புகைதான்."

புகை யோக்கியம்னு நான் சொல்லமாட்டேன். கும்மிடிப்பூண்டியில நெல்லு வெளைஞ்ச எடத்துல சிம்னி மொளைச்சதைப் பாத்தவன் நான். ஆனா ஊரு பூராவும் சுத்தற புகை, உன் கீழ் உதட்டுக்கு உள்ளாற, இடது பக்கமா, ஒத்த ரூபா அளவுக்கு மட்டும் எப்பிடி வெளுத்து வெச்சிட்டுப் போச்சு? அதை வுடு. சட்டைப் பையில சலசலங்குதே, அது இன்னா?

வைத்தியத்துல நீ கொறை வெக்கல. மணத்தக்காளிக் கீரை துன்னே. தேங்காப்பால் கொப்புளிச்சே. மெடிக்கல்ல பி காம்ப்ளெக்ஸ் வாங்கி முட்டாய் மாதிரி முழுங்கினே. ஒடம்புச் சூடுன்னு எண்ணெய் முழுக்கு வேற. தப்பில்ல. பன்னும் டீயுமா நைட் ஷிப்ட்டு ஓட்டறவனுக்கு ரத்தம் கொறைஞ்சா, பி12 கொறைஞ்சா, நாக்கு செவந்து வழவழன்னு ஆயி எரியத்தான் செய்யும். ஒடைஞ்ச பல்லு ஒரே எடத்துல உரசினாலும் புண்ணு ஆறாது. ஆனா நீ கீரை துன்ன கையோட புகையிலையை உள்ளங்கையில கொட்டி, சுண்ணாம்பு தடவி, கட்டைவெரலால கசக்கி, ரெண்டு தட்டு தட்டி உதட்டுல அதக்கிடுறே. சுண்ணாம்பு செவுத்துக்குப் பூசறது நைனா.

அது ராத்திரிக்கு. பகல்ல வெறும் பாக்குப் பொட்டலம்தானேன்னு சொல்லுவே. பாக்கு மட்டுமே போதும், புகையிலை சேராமலே புத்துநோய் வரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிக்காரங்க 2004லேயே எழுதி வெச்சிட்டாங்க. 2013ல நம்ம சர்க்காரு குட்கா, பான் மசாலாவுக்குத் தடை போட்டுது. தடை போட்ட சரக்கு தெனம் உனக்குக் கெடைக்குது. எனக்கு ரேஷன் பாமாயில் கெடைக்கல. சாமர்த்தியசாலி!

சரி, ஒரு வெளையாட்டு. ஆள்காட்டி, நடு, மோதிர வெரல், மூணையும் ஒண்ணுமேல ஒண்ணா நிறுத்தி வாயில நுழை பாக்கலாம். ம்... ரெண்டோட நிக்குதா? என் பேத்தி காதுகுத்துல லட்டைக் கிள்ளிக் கிள்ளித் துன்னியே, புள்ளைக்கு மரியாதை வந்துட்டுதுன்னு இல்ல நெனச்சேன்! பாக்கு போட்டா கன்னத்து உள்தோலு நாரா இறுகும். மொதல்ல காரம் எரியும், அப்பறம் விசிலு வராது, அப்பறம் வாயே தொறக்காது. இறுகினது பழையபடி இளகறது கஷ்டம். நிறுத்தினா மேல இறுகறதாவது மட்டுப்படும்.

ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணை டாக்டரு பாக்கணும். நீ மூணு மாசம் பொத்தி வெச்சிருக்கே, என்னமோ பொதையல் மாதிரி. நாளைக்குக் காலையில மொத வண்டி. சென்ட்ரல்ல எறங்கி, கோட்டை ஸ்டேஷன் எதிர அரசு பல் மருத்துவக் கல்லூரி. 1953லேர்ந்து இருக்குது, உனக்குத்தான் வழி தெரியல. சந்தேகம்னா துளி சதை எடுத்துச் சோதிப்பாங்க. அதுக்கு ஒரு நாள் லீவு போடு. சூப்பர்வைசர் கேட்டா, மாமனுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லு.

இன்னா சிரிக்கிறே? என் மடியில இருக்கற வெத்தலப் பையைப் பாத்தா? சிரி, வாய் எவ்வளவு தொறக்குதோ அவ்வளவும் சிரி. நேத்து ராத்திரி உங்க அத்தை தூங்கினப்பறம் கண்ணாடி முன்னால நின்னு நானும் நுழைச்சுப் பாத்தேன்.

ரெண்டரை.

டிக்கெட்டு ரெண்டா எடு. அத்தைக்கிட்ட, உனக்குத் தொணைக்கு வர்றதாச் சொல்லி வெச்சிருக்கேன்.