வந்தாரை வாழவைக்கும் வனத்துறைக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: தமிழ்நாடு வனத்துறை
பொருள்: ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூரில் கடுக்காய் மரம் வளர்க்கக் கோருதல் தொடர்பாக

மதிப்பிற்குரியீர்,

வந்தாரை வாழவைக்கும் தமிழ்ப் பண்பாட்டை மரங்களின் விஷயத்தில் உங்களைப்போல் போற்றியவர் யாருமில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரத்தை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மலைமலையாக வளர்த்தீர்கள். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். அது புல்வெளியையும் சோலையையும் விழுங்கிய பிறகு, 2022இல் அந்நியத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வகுத்து அகற்றி வருகிறீர்கள். நடவும் செலவு, பிடுங்கவும் செலவு. இரண்டுக்கும் வழியில்லாத ஓர் ஏழை மரம் ஜவ்வாது மலையில் நிற்கிறது.

சீகையில் பட்டை உரிக்க மரத்தை வெட்ட வேண்டும். கடுக்காய் மரத்தடியில் காயைப் பொறுக்கினால் போதும். மரம் அடுத்த ஆண்டும் காய்க்கும். ஐந்து வரி ஓடிய அந்த வற்றல் காயில், கொட்டை நீக்கிய தோலின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் துவர்ப்பொருள்தான்; தோல் பதனிட உதவுவதும் அதுதான். கலம்காரிக்காரர் பாலோடு கடுக்காய் கலந்து துணியை நனைக்கிறார். இரும்புக் கரைசல் பட்டதும் அது கறுக்கிறது. கொத்தனார் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் நீரை ஊற்றினார். வைத்தியர் திரிபலாவில் சேர்த்தார். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கடுக்காய்ப்பூகூடப் பூவல்ல, பூச்சி கடித்து இலையில் எழும்பிய முடிச்சு. பூச்சி அரித்ததைக்கூட வீணாக்காத ஊரில், மரத்தையே வீணாக்குவதற்குத் தனித் திறமை வேண்டும்.

கடுக்காயால் மட்டும் தோல் பதமாகுமா என்று கேட்பீர்கள். ஆகாது, தோல் தொளதொளத்துவிடும். அதனால்தான் முன்னோர் ஆவாரம்பட்டையில் பதப்படுத்தி, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டெடுத்தார்கள். இல்லையென்றால் அந்தத் தோல் வெளிச்சம் பட்டுச் சிவந்துவிடும். ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோல் என்று கப்பலேறிப் பெயர் வாங்கியது இந்தக் கைப்பக்குவம்தான். குரோம் உப்பில் பதனிடும் வேகம் இதற்கு உண்டா? கிடையாது. ஆம்பூர் ஷூவுக்குக் குரோம் தோல் வேண்டும் என்பதும் உண்மை. பட்டைக் கழிவுநீரும் பன்னீரல்ல, அதையும் சுத்திகரித்தே ஆகவேண்டும். ஆனால் அதில் குரோமியம் இல்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானது என்ற ஆய்வை உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்பில் எழுதிவைத்திருக்கிறது. பாலாற்றங்கரையில் குரோமியம் இல்லை என்ற அந்த வித்தியாசம் சிறியதல்ல. காய்க்கப் பல ஆண்டாகும் என்று கடைசியாகச் சொல்வீர்கள். சந்தனத்தில் வைரம் ஏற இருபது முப்பது ஆண்டு பொறுக்கிறீர்கள். திருப்பத்தூரில் கிடங்கு கட்டிக் காவலும் போடுகிறீர்கள். வெட்டினால்தான் காசு என்ற மரத்துக்கு இருக்கும் பொறுமை, வெட்டாமலே காசு தரும் மரத்துக்கு ஏன் இல்லை?

ஆகவே, ஒடுகத்தூர் வனச்சரகத்தில் ஒரு நாற்றங்கால், பீஞ்சமந்தை மலைமக்கள் பொறுக்கிவரும் காயை எடைபோட அடிவாரத்தில் ஒரு தராசு, ஒன்றிய அரசின் ஆதார விலைப் பட்டியலில் கடுக்காய்க்கு உள்ள விலை கையில் ரொக்கமாக: இவ்வளவுதான் கோரிக்கை. மலைமக்களுக்கு இதுவரை கொடுத்த கடுக்காய் போதும். இனிக் கொடுப்பதை நாற்றாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒருவன்